டாப் டிரைவில் சாஃப்ட்ஸ்பீட்: வாங்கலாமா, வாங்கினால் எப்படி ஓட்டுவது

ஏசி மோட்டார் டாப் டிரைவ் (கிணறு தோண்டும் குழாய்த் தொடரை மேலிருந்து சுழற்றும் இயந்திரம்), 2,500 மீட்டரைத் தாண்டும் கிணறு, பிடிசி பிட் (வைரத் தகடு பதித்த வெட்டுமுனை), அடிக்கடி ஸ்டிக்-ஸ்லிப் (பிட் பிடித்து நிற்பதும் திடீரென்று விடுபட்டுப் பறப்பதுமான முறுக்கு அதிர்வு). இந்த நான்கும் ஒரே ரிக்கில் (தோண்டும் தளத்தில்) சேர்ந்திருந்தால் என்ஓவி நிறுவனத்தின் சாஃப்ட்ஸ்பீடைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். கிணற்றுக்குள் புதிதாக எதையும் இறக்க வேண்டியதில்லை. டாப் டிரைவை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினியில் ஏறும் மென்பொருள், அவ்வளவுதான். ஆனால் "அதிர்வுக்கு மருந்து" என்று பொதுவாகச் சொல்லி விற்கிறார்களே, அங்கேதான் சிக்கல். டிரில் ஸ்ட்ரிங்கில், அதாவது மேலிருந்து பிட் வரை தொங்கும் குழாய்த் தொடரில், வரும் அதிர்வுகளில் ஒரே ஒரு வகையைத்தான் இது அடக்கும். அந்த ஒன்றை நன்றாக அடக்கும், அதுவும் நாம் உள்ளே கொடுக்கும் எண்கள் சரியாக இருந்தால்.

முதலில் எதை அடக்குகிறது என்று பார்ப்போம். 3,000 மீட்டர் நீளத்துக்கு 5 இன்ச் டிரில் பைப் தொங்குகிறது. கீழே பிட் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மேலே 10 கிலோ நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) கொடுத்தால் பிட் அசையாத நிலையிலேயே மேல்முனை சுமார் 5 சுற்று சுற்றிவிடும். அந்த முறுக்கில் அடைபட்டிருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 160 கிலோ ஜூல். பிட் பிடியை விட்டதும் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வரும். டாப் டிரைவ் 120 ஆர்பிஎம்மில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்க, பிட் ஒரு கணம் பூஜ்யத்தில் நிற்கும், அடுத்த கணம் 250, 300 என்று பறக்கும், மறுபடி நிற்கும். சில சமயம் பின்னோக்கியும் சுற்றும். பிடிசி கட்டர்கள் பின்னோக்கிச் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வைரத் தகடு ஓரத்தில் சில்லு சில்லாகப் பெயர்வது பெரும்பாலும் இப்படித்தான். அதே சுழற்சியில் பிஎச்ஏ பகுதியில் (பிட்டை ஒட்டிய கனமான கீழ்ப்பகுதி) ஒரு ஜாயின்ட் (குழாய் இணைப்பு) அளவுக்கு மேல் இறுகும், இன்னொன்று தளரும். வாஷ் அவுட் (இணைப்பில் அரித்து ஓட்டை விழுவது), ட்விஸ்ட் ஆஃப் (பைப் முறிவது), ஃபிஷிங் (முறிந்ததைத் துளையிலிருந்து மீட்பது) என்று செலவு வரிசையாகத் தொடர்வது அதற்குப் பிறகு.

இந்த ஆட்டத்துக்கு ஒரு தாளம் உண்டு. 5 இன்ச் பைப்புக்குக் கீழே 150 மீட்டர் அளவுக்கு 8 இன்ச் டிரில் காலர் (கனமான, தடித்த பைப்) இருப்பதாக வைத்துக்கொண்டால், 1,500 மீட்டர் ஆழத்தில் ஒரு முழு ஆட்டத்துக்குச் சுமார் 4 நொடி, 3,000 மீட்டரில் 6 நொடி, 5,000 மீட்டரில் எட்டரை நொடி. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

டாப் டிரைவின் சாதாரண வேகக் கட்டுப்பாடு விறைப்பானது. 120 என்று வைத்தால் 120தான், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கீழே பிட் பிடித்துவிட்டதால் எழும் முறுக்கு அலை நொடிக்கு 3,000 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில் மேலே ஏறி வந்து அந்த விறைப்பில் மோதி, ஏறக்குறைய முழு வலுவோடு கீழே திரும்பிவிடுகிறது. ஆற்றல் எங்குமே செலவாவதில்லை. 1988இல் ஹால்சி, கில்லிங்ஸ்டாட், கில்லிங் ஆகிய மூவர் நார்வேயிலிருந்து முன்வைத்த யோசனை இதைத் தலைகீழாக்கியது: டார்க் ஏறும்போது மேலே வேகத்தைச் சற்று விட்டுக்கொடு, டார்க் இறங்கும்போது சற்று ஏற்று. அலை திரும்பாமல் மேலேயே கரைந்துபோகும். ஷெல் நிறுவனம் இதை சாஃப்ட் டார்க் என்ற பெயரில் ரிக்குகளுக்குக் கொண்டுபோனது. கில்லிங்ஸ்டாட்டும் நெஸ்ஷோயனும் 2009இல் வெளியிட்ட சாஃப்ட்ஸ்பீடில் தனியாக டார்க் அளக்கும் சிக்னல் தேவையில்லை. வேகக் கட்டுப்பாட்டில் ஏற்கெனவே உள்ள பி (விகிதப் பங்கு), ஐ (தொகையீட்டுப் பங்கு) என்ற இரண்டு எண்களைச் சரியாக வைத்தாலே அதே பலன் கிடைக்கிறது. இந்த எளிமைதான் இதன் பெரிய பலம்.

அந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வருகின்றன? பி-க்கு அடிப்படை, பைப்பின் முறுக்கு இம்பிடன்ஸ், அதாவது முறுக்கு அலைக்கு அது காட்டும் எதிர்ப்பு. 5 இன்ச், அடிக்கு 19.5 பவுண்டு பைப்புக்கு டூல் ஜாயின்ட் (பைப் முனையின் தடித்த இணைப்பு) கனத்தையும் சேர்த்தால் இது சுமார் 340 நியூட்டன் மீட்டர் நொடி. பி-யை அதே 340க்கு இறக்கினால் தத்துவப்படி அலை முழுவதும் உறிஞ்சப்படும், ஆனால் டாப் டிரைவின் வேகம் கண்டபடி ஆடும். நான்கு மடங்கில், அதாவது 1,360இல் வைத்தால் திரும்பும் அலையின் உயரம் 60 சதவீதம், ஆற்றல் 36 சதவீதம். ஒவ்வொரு முறை மோதும்போதும் 64 சதவீத ஆற்றல் காணாமல் போகிறது. ஸ்டிக்-ஸ்லிப்பைக் கொல்ல இதுவே போதும்.

ஐ-க்கு அடிப்படை, டாப் டிரைவின் சுழல் நிலைமம். இதில் தப்பு செய்பவர்கள் அதிகம். மோட்டார் ரோட்டாரின் நிலைமம் ஸ்ட்ரிங் பக்கம் வரும்போது கியர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருகும். என்ஓவியின் டிடிஎஸ்-11எஸ்ஏ டாப் டிரைவ் மாதிரி 10.5க்கு 1 கியர் என்றால் பெருக்கம் 110. ரோட்டாரில் ஒரு கிலோகிராம் சதுர மீட்டர் பிசகினால் கணக்கில் 110 பிசகும். இரண்டு மோட்டார் உள்ள டாப் டிரைவில் ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்தால் பாதி போயிற்று. ஐ என்பது இந்த நிலைமத்தை, அடக்க வேண்டிய தாளத்தின் கோண அதிர்வெண்ணின் வர்க்கத்தால் பெருக்கியது. ஆழம் கூடக் கூடத் தாளம் மாறுவதால் ஐ-யும் மாற வேண்டும். 1,500 மீட்டரில் வைத்த எண்ணோடு 3,000 மீட்டர் வரை போனால் அமைப்பு 4 நொடித் தாளத்தைத் தேடிக்கொண்டிருக்கும், ஸ்ட்ரிங்கோ 6 நொடியில் ஆடிக்கொண்டிருக்கும்.

சாஃப்ட்ஸ்பீட் ஸ்ட்ரிங் விவரங்களிலிருந்து இதைத் தானாகவே கணக்கிடும். விவரங்களைக் கொடுப்பது மனிதர்கள்தானே! பார்க்க வேண்டியது மேல்பகுதி பைப்பின் அளவு. பெரிய துளையை 5½ இன்ச் பைப்பால் தோண்டி முடித்துவிட்டு, அடுத்த சிறிய துளைக்கு 4 இன்ச் பைப்புக்கு மாறும்போது யாரும் திரையைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? வெறும் பைப் கணக்கில் 5½ இன்ச்சின் இம்பிடன்ஸ் ஏறத்தாழ 400, 4 இன்ச்சின் (அடிக்கு 14 பவுண்டு) இம்பிடன்ஸ் 135க்குச் சற்றுக் குறைவு. மூன்று மடங்கு வித்தியாசம். நான்கு மடங்காக இருந்த பி இப்போது பன்னிரண்டு மடங்காகிவிடுகிறது. உறிஞ்சும் ஆற்றல் 64 சதவீதத்திலிருந்து 28 சதவீதத்துக்குச் சரிகிறது. திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். "மென்பொருள் வேலை செய்யவில்லை" என்ற புகாருக்குப் பின்னால் பலமுறை இருப்பது திரையில் பைப் அளவு கேட்கும் இந்த ஒரு கட்டம். டேப்பர் ஸ்ட்ரிங்கில் மேலே பெரிது, கீழே சிறிது என்று இருந்தால், டாப் டிரைவோடு பேசுவது மேலே இருக்கும் பைப்தான். அதன் அளவையே கொடுக்க வேண்டும்.

அடுத்தது டார்க் வரம்பு. சராசரி 21 கிலோ நியூட்டன் மீட்டர், ஏற்ற இறக்கம் கூட்டல் கழித்தல் 4 என்று வைப்போம். வரம்பு 23இல் இருந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் மோட்டார் வரம்பில் முட்டி நிற்கும். முட்டி நிற்கும் நேரத்தில் கட்டுப்பாடே கிடையாது, உறிஞ்சலும் கிடையாது. வரம்பு 25க்குச் சற்று மேலேயும், கூடவே ஜாயின்ட்டின் மேக்-அப் டார்க்குக்குக் (அதை இறுக்கிய டார்க்) கீழேயும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடம் இல்லையென்றால் மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. பிட்டின் மேல் வைக்கும் எடையைக் குறைக்க வேண்டும்.

டிரில்லரின் திரையில் என்ன மாறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இதுவரை டார்க் ஆடியது, வேகம் ஆடவில்லை. இனி டார்க் அமைதியாகும், வேகம் ஆடும். மேலே சொன்ன 1,360இல், டார்க் கூட்டல் கழித்தல் 4 கிலோ நியூட்டன் மீட்டர் ஆடினால் வேகம் கூட்டல் கழித்தல் 28 ஆர்பிஎம் வரை போகும். 120 வைத்த இடத்தில் 92, 148 என்று எண் ஓடுவதைப் பார்த்து, டிரைவ் கெட்டுவிட்டது என்று அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. சில தாளங்கள் பொறுத்தால் அந்த ஆட்டம் சுருங்கிக்கொண்டே வரும். ஐந்தாறு தாளத்துக்குப் பிறகும் சுருங்கவில்லையென்றால் அப்படியே காத்திருக்காதீர்கள். பிட்டை அடித்தளத்திலிருந்து தூக்கி, சுழற்சி சீரானதும் மெதுவாக எடை ஏற்றுங்கள். முழுதாக வளர்ந்துவிட்ட ஸ்டிக்-ஸ்லிப்பை நிறுத்துவது, வரவிடாமல் தடுப்பதைவிடக் கடினம். அடித்தளத்தைத் தொடும் முன்பே அமைப்பை இயக்கிவிடுவது அதனால்தான்.

இன்னொரு நுணுக்கம். வேகம் ஆடும்போது மோட்டார் கரன்ட்டிலிருந்து கணக்கிடும் டார்க்கும் ஸ்ட்ரிங்கின் உண்மையான டார்க்கும் ஒன்றல்ல. டாப் டிரைவின் நிலைமத்தை வேகப்படுத்தவும் நிறுத்தவும் ஆகும் பங்கைக் கழித்தால்தான் ஸ்ட்ரிங் டார்க் தெரியும். சாஃப்ட்ஸ்பீட் இதைக் கழித்துத்தான் காட்டுகிறது. பக்கத்து அறையில் மட் லாகிங் ஆட்களின் (துளையிலிருந்து வரும் சேற்றையும் தரவையும் கவனிப்பவர்கள்) திரையில் கழிக்காத எண் ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டு திரையும் ஒத்துவரவில்லை என்று சண்டை போடும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்டறியும் பக்கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல ரிக்குகளில் பிரச்சினை இருப்பதே தெரியாமல் ஓடுகிறது. ஸ்டிக்-ஸ்லிப்பை மேலே பார்க்கும் வழி டார்க் வரைபடம். அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்துச் சராசரியால் வகுத்தால் ஒரு சதவீதம் வரும். அது ஏறிக்கொண்டே போனால் கீழே ஆட்டம் வளர்கிறது. ஆனால் பதிவு எத்தனை நொடிக்கு ஒருமுறை? தினசரி அறிக்கைக்குப் போகும் தரவு 5 நொடிக்கு ஒரு புள்ளி என்று இருந்தால், 3,000 மீட்டரில் 6 நொடித் தாளம் அதில் 30 நொடித் தாளமாகத் தெரியும். மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அலை. பாறை மாறுகிறது போலும் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். 10 நொடிப் பதிவில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். நொடிக்கு ஒரு புள்ளி என்பது குறைந்தபட்சம். நொடிக்கு 5 அல்லது 10 கிடைத்தால் வாதத்துக்கே இடமில்லை. சாஃப்ட்ஸ்பீட் டாப் டிரைவின் வேகமான தரவையே படிப்பதால், மேலேயுள்ள அளவுகளிலிருந்து பிட்டின் வேகத்தை மதிப்பிட்டும் காட்டுகிறது. முதல் தாளத்துக்கு, அதாவது மேலே சொன்ன மெதுவான ஆட்டத்துக்கு, அந்த மதிப்பீட்டை நம்பலாம். சாய்ந்த கிணற்றில் பைப் பக்கச்சுவரில் உராயும் இடம் நிறைய இருந்தால் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி எதை அடக்காது என்பது. முதலில் வேர்ல், அதாவது பிட்டோ பிஎச்ஏவோ துளையின் நடுவைவிட்டு விலகிச் சுவரை உரசி உருண்டு வருவது. மேலே இதற்குப் பெரிய அடையாளம் எதுவும் இருக்காது. டார்க் சற்றுக் கூடியிருக்கும், ஆனால் வழவழவென்று இருக்கும். தோண்டும் வேகம் குறைந்திருக்கும். கீழே எம்டபிள்யூடி (தோண்டும்போதே அளக்கும்) கருவியின் ஷாக் எண்ணிக்கை மட்டும் எகிறும். ஸ்டிக்-ஸ்லிப்புக்கும் வேர்லுக்கும் வைத்தியம் நேர் எதிர். முதலாவதற்கு ஆர்பிஎம்மைக் கூட்டி, எடையைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்கு ஆர்பிஎம்மைக் குறைத்து, எடையைக் கூட்ட வேண்டும். வேர்ல் ஒருமுறை பிடித்துக்கொண்டால் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பது போதாது. பிட்டைத் தூக்கி, சுழற்சியை முழுதாக நிறுத்தி, ஸ்ட்ரிங்கின் முறுக்கை மெதுவாக அவிழவிட்டு, குறைந்த வேகத்தில் மறுபடி தொடங்க வேண்டும். டார்க்கைத் திடீரென்று பூஜ்யமாக்கினால் அந்த 160 கிலோ ஜூல் பின்னோக்கிச் சுழன்று ஏதோ ஒரு ஜாயின்ட்டைக் கழற்றிவிடும்.

சாஃப்ட்ஸ்பீடின் உண்மையான மதிப்பு இந்த இடத்தில்தான் தெரிகிறது. அது இல்லாத ரிக்கில் டிரில்லருக்கு ஸ்டிக்-ஸ்லிப்பிலிருந்து தப்ப இருக்கும் முக்கியமான கைப்பிடி ஆர்பிஎம். ஏற்றிக்கொண்டே போனால் மறுமுனையில் வேர்ல் காத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓட்டக்கூடிய இடைவெளி கடினமான பாறையில் மிகக் குறுகல். இந்த மென்பொருள் ஸ்டிக்-ஸ்லிப் தொடங்கும் வேகத்தைக் கீழே தள்ளுகிறது, இடைவெளி அகலமாகிறது. அதற்காகவே வாங்கலாம். ஆனால் அகலமான இடைவெளியில் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல அதற்குத் தெரியாது. அதற்குக் கீழே ஒரு சென்சார் வேண்டும். அதை மிச்சப்படுத்த இதை வாங்குகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ரோலர் கோன் பிட்டின் துள்ளல் தனிக்கதை. மூன்று கோன் பிட் அடித்தளத்தில் மூன்று மேடு பள்ளம் செதுக்கிக்கொண்டு, ஆர்பிஎம்மின் மூன்று மடங்கு வேகத்தில் குதிக்கும். வேகத்தை மாற்ற வேண்டும், இல்லையேல் ஷாக் சப் (அதிர்வைத் தாங்கும் குட்டைக் குழாய்) போட வேண்டும். இங்கே மென்பொருளுக்கு வேலையே இல்லை.

அதிவேக முறுக்கு அதிர்வு இன்னும் மோசம். நொடிக்கு 50 முதல் சில நூறு தடவை வரை பிஎச்ஏ மட்டும் தனக்குள் முறுக்கி அதிரும். கடினமான பாறையில் பிடிசி பிட்டோடு வரும். டிரில் பைப் வழியாக மேலே ஏறி வருவதற்குள் அடங்கிவிடுவதால் டாப் டிரைவுக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. ஸ்டிக்-ஸ்லிப் ஒழிந்தது, டார்க் கோடு நேராகிவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது கீழே எலெக்ட்ரானிக்ஸ் போர்டு விரிசல் விட்டுக்கொண்டிருக்கலாம். சாதாரண எம்டபிள்யூடியின் மெதுவான அளவீட்டிலும் இது தப்பிவிடும். வேகமாகப் பதியும் சப் கீழே இருந்தால்தான் தெரியும். அதிலும் நினைவகத்தில் பதிந்ததை மேலே எடுத்த பிறகுதான் பார்க்க முடியும். வயர்டு பைப் (உள்ளே தரவுக் கம்பி ஓடும் பைப்) போட்ட ரிக்கில் நொடிக்கு 57,000 பிட் (கணினித் தரவின் அலகு) அளவில் தரவு உடனுக்குடன் வரும். மட் பல்ஸில் (சேற்றின் அழுத்தத் துடிப்பால் அனுப்பும் முறை) நொடிக்குச் சில பிட்தான், அதனால் எம்டபிள்யூடி அனுப்புவது அலையை அல்ல, 0, 1, 2, 3 என்று ஒரு தர எண்ணை. அந்தத் தர எண்ணின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கருவியோடு வரும் அட்டவணையைக் கேட்டு வாங்கி டிரில்லர் அறையில் ஒட்டி வையுங்கள்.

நீளமான கிணறுகளில் முதல் தாளத்தை அடக்கியதும் அதைவிட வேகமான இரண்டாவது தாளம் தலைதூக்கும். பழைய சாஃப்ட்ஸ்பீட் இதில் தடுமாறும், ஏனென்றால் டாப் டிரைவின் கனமான நிலைமம் வேகமான அலைக்கு மறுபடி விறைப்பாகவே தெரிகிறது. சாஃப்ட்ஸ்பீட் 2 இந்த நிலைமத்தின் ஒரு பகுதியைக் கணக்கால் ஈடுசெய்கிறது. ஷெல்லின் இசட்-டார்க் என்ற அமைப்பின் குறி அகலமான அலைவரிசை முழுவதும் இம்பிடன்ஸைப் பொருத்துவது. 5,000 மீட்டருக்கு மேல் போகும் கிணறு என்றால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான எதிரி தாமதம். வேகம் அளப்பதற்கும் மோட்டார் அதற்குப் பதில் கொடுப்பதற்கும் நடுவில் கணினி, கேபிள், டிரைவ் என்று மில்லிநொடிகள் சேரச் சேர வேகமான தாளத்தை அடக்கும் திறன் தேயும். ஒரு கட்டத்துக்கு மேல் அடக்குவதற்குப் பதில் ஊட்டிவிடும். பழைய டிரைவ் உள்ள ரிக்கில் புதிய பதிப்பு எதிர்பார்த்த பலனைத் தராததற்கு இது முக்கியமான காரணம். எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதே டிரைவ், இதே கட்டுப்பாட்டுக் கணினி உள்ள ரிக்கில் மொத்தத் தாமதம் எவ்வளவு அளந்தீர்கள்?

டாப் டிரைவைத் தொடவே முடியாது என்றால் கீழே இறக்கும் மாற்று இருக்கிறது. நார்வேயின் டோமாக்ஸ் செய்யும் ஏஎஸ்டி, சுருள் மரையும் ஸ்பிரிங்கும் கொண்ட ஒரு சப். டார்க் எல்லை தாண்டினால் தானே சுருங்கிப் பிட்டின் எடையைக் குறைத்துவிடும். பிட்டுக்கு அருகிலேயே இருப்பதால் மேலே ஏறி இறங்கும் அலைக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் ஸ்பிரிங்கை இறக்கும் முன்பே எதிர்பார்க்கும் டார்க்குக்கும் எடைக்கும் ஏற்ப அமைக்க வேண்டும். கணிப்பு தவறினால் மாற்ற ஸ்ட்ரிங் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். மென்பொருளில் அந்தத் தலைவலி இல்லை.

சோதித்துப் பார்ப்பது எளிது. விற்பவர் காட்டும் படத்தை நம்ப வேண்டாம். ஒரே பாறை, ஒரே எடை, ஒரே ஆர்பிஎம், ஒரே மட் ஓட்டம். அமைப்பை அணைத்து ஐந்து நிமிடம், இயக்கி ஐந்து நிமிடம், மறுபடி அணைத்து ஐந்து நிமிடம். கடைசி ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள், பாறை மாறியதால் அமைதியானதா, மென்பொருளால் அமைதியானதா என்று பிரித்துக் காட்டுவது அதுதான். பிறகு இயக்கிய நிலையில் ஆர்பிஎம்மைப் பத்துப் பத்தாக இறக்கி, ஸ்டிக்-ஸ்லிப் எந்த வேகத்தில் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அணைத்த நிலையிலும் அதையே செய்யுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் வாங்கும் பொருள். எடையை மாற்றி இன்னொரு முறை செய்தால் ஒரு சின்ன அட்டவணையே கிடைக்கும், அடுத்த ஷிஃப்ட் டிரில்லருக்கும் உதவும். பைப் கனெக்ஷன் இறுக்கும்போதும், மட் மோட்டாரோடு ஸ்லைடு செய்யும்போதும் (ஸ்ட்ரிங்கைச் சுழற்றாமல் தோண்டும்போதும்) அமைப்பு அணைந்திருக்க வேண்டும். தானாக அணைகிறதா என்பதை அடித்தளத்துக்கு மேலே இருக்கும்போதே ஒருமுறை சரிபார்த்து, டிரில்லர் கையெழுத்திடும் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.